கபடிக்கு உண்டு, கணக்குக்கு இல்லை

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் நின்றால் நான்கு திக்குக்கும் பேருந்து உண்டு. கிழக்கே போனால் புவனகிரி தாண்டிச் சிதம்பரம், 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். மேற்கே விருத்தாசலம். பீங்கான் தொழிலுக்கென்றே ஒரு பாலிடெக்னிக்கும், கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியும் அங்கே. வடக்கே வடலூர், நெய்வேலி, பண்ருட்டி வழியாகச் சென்னை, கிண்டி பொறியியல் கல்லூரியும் ஐ.ஐ.டி.யும் மருத்துவக் கல்லூரிகளும் அந்தப் பக்கம். தெற்கே அணைக்கரையைக் கடந்தால் கும்பகோணம். நெல் நடுகிற, கரும்பு வெட்டுகிற, சர்க்கரை ஆலைக்கு லோடு அடிக்கிற வீட்டுப் பிள்ளை மேற்படிப்புக்குப் போவதென்றால் இந்த நான்கில் ஒன்றில்தான் ஏற வேண்டும். எந்தப் பேருந்தில் ஏறலாம் என்பதை எது முடிவு செய்கிறது என்பது மட்டும் நூறு ஆண்டாக மாறிக்கொண்டே வருகிறது.

பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில் ஆசிரியர்கள் காதில் தவறாமல் விழும் கேள்வி ஒன்று உண்டு. மாவட்ட அறிவியல் கண்காட்சியிலோ கணிதப் போட்டியிலோ பரிசு வாங்கிய பிள்ளையின் அம்மா, லேமினேட் செய்த சான்றிதழை மேசைமேல் வைத்து, "ஏன் சார், நாளைக்கு காலேஜ் சீட்டுக்கு இதுக்கு ஏதாச்சும் மார்க்கு போடுவாங்களா?" என்பார். ஆசிரியர் சிரித்து மழுப்புவார். "நல்லதுதாம்மா, பத்திரமா வைங்க" என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

நேரான பதில் இதுதான். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் இதற்கு மதிப்பெண் கிடையாது. மருத்துவத்தில் கிடையாது. ஆனால் நாட்டிலேயே நுழையக் கடினமான சில வாசல்களில், சில போட்டிகளுக்கு மட்டும், நல்ல மதிப்பு இருக்கிறது. அண்மையில் அது கூடியும் இருக்கிறது. எந்தப் போட்டி, எந்த வாசல் என்று தெரிந்தால்தான் மேசைமேல் இருக்கும் சான்றிதழ் எவ்வளவு பெறும் என்று சொல்ல முடியும்.

தெற்கே போகும் பேருந்திலிருந்து தொடங்குகிறேன். கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் 1904-ல் படிப்பை முடித்த இராமானுஜனுக்குக் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு கிடைத்தது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். எஃப்.ஏ. என்ற அன்றைய கல்லூரி முதல்நிலை வகுப்பில் கணக்கு மட்டும் வந்தால் போதாது; மற்ற பாடங்களில் தவறினார், உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. 1906-லும் அடுத்த ஆண்டும் எஃப்.ஏ. தேர்வு எழுதி இரண்டு முறையும் தோல்வி. பள்ளியில் மேடையேறி வாங்கிய பரிசு கல்லூரி வாசல்வரைதான் துணைக்கு வந்தது.

1910-ல் வேலை தேடி அவர் போய் நின்ற இடம் நம்முடைய பழைய தென்னார்க்காடு மாவட்டத்துத் திருக்கோவிலூர். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயர், 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். இராமானுஜனின் நோட்டைப் புரட்டியவருக்கு, வருவாய்த் துறையில் ஒரு கடைநிலை வேலை கொடுத்து இந்தப் பிள்ளையை முடக்க மனம் வரவில்லை. சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார். 1912-ல் துறைமுக அலுவலகத்தில் முப்பது ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. 1913-ல் பட்டம் இல்லாமலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை, மாதம் 75 ரூபாய். அந்த நோட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவர் திருக்கோவிலூர் நாற்காலியில் இருந்தது தற்செயல். வேறொருவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. பாடத்திட்டத்துக்கு வெளியே ஒளிரும் பிள்ளையை அடையாளம் காண அன்றைய பல்கலைக்கழகத்திடம் முறை என்று எதுவும் இல்லை. மனிதர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

அப்படியொரு முறையை உருவாக்கிப் பார்த்த காலமும் தமிழ்நாட்டில் உண்டு. இன்றைய பெற்றோர் பலருக்கு அது தெரியாது. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் ஒரு காலத்தில் பாடத்துக்கு வெளியே உள்ள சாதனைக்கும் மதிப்பெண் போட்டார்கள். 1971-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பெரியகருப்பன் வழக்கில் அந்த விதிகளைப் பார்க்கலாம். நேர்காணலுக்கு 75 மதிப்பெண். விளையாட்டு அல்லது என்.சி.சி., பாடத்துக்கு அப்பாற்பட்ட சிறப்புச் சேவை, உடல்நலமும் தாங்கும் சக்தியும், பொதுத் திறமை, அந்தப் படிப்புக்கான நாட்டம் என்று ஐந்து தலைப்புகளில் அதைப் பிரித்திருந்தார்கள்.

காகிதத்தில் படித்தால் யாருக்கும் பிடிக்கும். மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் முழு மனிதரைப் பார்க்க வேண்டும் என்றுதானே இன்றும் எல்லோரும் பேசுகிறோம்? ஆனால் நேர்காணல் அறைக்குள் யார் உட்கார்ந்திருந்தார்கள், யாருக்கு யாரைத் தெரியும், முதன்முறையாகச் சென்னையைப் பார்க்கிற வெள்ளாற்றங்கரைப் பையனிடம் என்ன மொழியில் என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் அந்த 75-க்குள்தான் ஒளிந்திருந்தது. சில நிமிடப் பேச்சில், ஓராண்டு முழுக்க மண்ணெண்ணெய் விளக்கில் படித்து வாங்கிய மதிப்பெண்ணைத் தாண்டிப் போக இன்னொருவருக்கு வழி இருந்தது. பெரியகருப்பன் வழக்கில் கல்லூரிகளை அலகுகளாகப் பிரித்து இடங்களை அலகுவாரியாகக் கூறுபோட்டு நிரப்பிய முறையை நீதிமன்றம் தள்ளியது. நேர்காணல் நடந்த விதத்திலும் குறை கண்டது. ஊர்ப்புறங்களில் அன்று "ஆள் இருந்தால்தான் டாக்டர் சீட்டு" என்று பேசிக்கொண்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

இதற்கு எதிர்வினையாகத்தான் தமிழ்நாடு எண்ணின் பக்கம் சாய்ந்தது. 1978-ல் பிளஸ் டூ வந்தது. 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்குப் பொது நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, மொத்தம் 300 என்று கணக்கிட்ட காலத்தில் படித்தவர்களுக்கு "கட்-ஆப் எவ்வளவு?" என்ற கேள்வி ஜாதகக் குறிப்புபோல வாழ்நாள் முழுக்கக் கூடவே வந்தது. நகரத்துப் பயிற்சி மையத்தில் பணம் கட்ட முடிந்தவருக்கே அந்த 100 கைகொடுக்கிறது என்ற குறை வலுத்தது. முனைவர் மு. ஆனந்தகிருஷ்ணன் குழு ஆராய்ந்தது. 2006-ல் சட்டம் இயற்றி, 2007 சேர்க்கையிலிருந்து நுழைவுத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு பொறியியலுக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. வேறு எதுவும் கிடையாது.

நேரில் கலந்தாய்வு நடந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் இரவே சேத்தியாத்தோப்பில் ஏறி விடியற்காலை சென்னையில் இறங்கி, அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் அப்பாவும் பிள்ளையுமாக உட்கார்ந்திருப்பார்கள். பையில் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், பிற்பாடு முதல் பட்டதாரிச் சான்றிதழ். அதே பையில், எடுத்துக் காட்டச் சொல்வார்களோ என்ற நப்பாசையில், வினாடி வினாவிலும் கட்டுரைப் போட்டியிலும் வாங்கிய சான்றிதழ்களும் இருக்கும். திரையில் கல்லூரிகளின் பெயரும் காலி இடங்களும் ஓடும். அழைப்பு வந்ததும் உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்து வெளியே வர வேண்டும். பரிசுச் சான்றிதழ்களை யாரும் கேட்டதில்லை. 2018-லிருந்து கலந்தாய்வே இணையத்துக்கு மாறியது. பேருந்துச் செலவும் அலைச்சலும் மிச்சம். பரிசுச் சான்றிதழைப் பதிவேற்ற அங்கேயும் இடம் இல்லை.

இந்த எண் ஆட்சியை நான் குறை சொல்லத் தயங்குகிறேன். சேத்தியாத்தோப்பில் விடையெழுதிய தாளும் சென்னையில் எழுதிய தாளும் ஒரே அடுக்கில் கிடக்கும்; எழுதியவர் யாருடைய மகள் என்று திருத்துபவருக்குத் தெரியாது. கூலி வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பொறியாளராக ஆனது இந்த வழியில்தான். ஆனால் விலையும் கொடுத்தோம். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே தொடாமல் இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்த விடுதிப் பள்ளிகள் நாமக்கல் பக்கம் பெருகின. நம் பக்கத்துப் பெற்றோரும் நிலத்தை அடகு வைத்துப் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். மாநில முதலிடம் வாங்கிய பிள்ளைக்கு இனிப்பு ஊட்டும் படம் ஆண்டுதோறும் நாளிதழ் முதல் பக்கத்தில் வந்தது. 2017-ல் அரசு அந்த இட வரிசை அறிவிப்பையே நிறுத்தியது. அதே ஆண்டில்தான் மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின் கைக்குப் போனது. அது எத்தனை அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வெளியே நிறுத்தியது என்பது ஊரறிந்த துயரம். 2020-ல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்த பிறகே, ஒற்றை இலக்கத்துக்குச் சுருங்கியிருந்த அவர்களின் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் ஏறியது.

எண்ணைத் தாண்டி எதையும் பார்ப்பதில்லை என்று சொன்னேன். ஒரு விதிவிலக்கு உண்டு. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். மருத்துவத்திலும் சில இடங்கள் உண்டு. கபடி மைதானத்தில் முழங்கால் தேய மண்ணில் விழுந்து எழுந்த பையனுக்கு, மாநில அளவில், தேசிய அளவில் ஆடியதற்குச் சான்று இருந்தால் தனித் தரவரிசை. நியாயமான ஏற்பாடு. அவன் உழைப்பை அளக்க ஒரு முறை இருக்கிறது: எந்தப் போட்டி செல்லும், எது செல்லாது, எந்த அளவிலான போட்டிக்கு எத்தனை புள்ளி என்று விதி எழுதி வைத்திருக்கிறார்கள். அதே பள்ளியில் அதே வகுப்பில், தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் மாநில அளவுவரை போய்வந்த பெண்ணுக்கு அப்படி எதுவும் கிடையாது. கபடிக்கு உண்டு, கணக்குக்கு இல்லை. படிப்பை வைத்துச் சேர்க்கும் இடத்தில் படிப்புப் போட்டிக்கு மட்டும் இடமில்லாமல் போனது எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது.

அந்த அறிவியல் மாநாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1993-லிருந்து நாடு முழுக்க நடப்பது. தமிழ்நாட்டில் இதைத் தோளில் சுமந்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 'துளிர்' இதழை நடத்துகிறவர்கள். பத்து வயதிலிருந்து பதினேழு வயதுவரை உள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து, அளந்து, கேட்டு, எண்ணி, அறிக்கை எழுதி மேடையில் பேச வேண்டும். தமிழிலேயே பேசலாம். வெள்ளாற்றில் அணைக்கட்டும், பக்கத்தில் வீராணம் ஏரியும், அந்த ஏரித் தண்ணீரைச் சென்னைக்கு இழுத்துப்போகும் ராட்சதக் குழாயும், வடக்கே நெய்வேலிச் சுரங்கமும் இருக்கும் ஊரில் பிள்ளைகளுக்கு ஆராயப் பொருள் பஞ்சமே இல்லை. ஒரு பிள்ளை தெருத்தெருவாகப் போய் ஆழ்துளைக் கிணற்றின் ஆழத்தைக் கேட்டுக் குறித்து, வரைபடம் போட்டு, "ஏன் இப்படி?" என்று தானாகக் கேட்கத் தொடங்கும் அந்தச் சில வாரங்களில் கற்பதைப் பாடப்புத்தகம் கற்றுத்தராது. கல்லூரி விண்ணப்பத்தில் அதற்கு ஒரு வரி இடம் இல்லை என்பதற்காக அதை வீண் என்று சொல்ல மாட்டேன். கல்லூரிக்குள் போன பிறகு யார் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதில் அதன் பலன் தெரியும்.

பணமாகக் கைக்கு வரும் போட்டிகளும் உண்டு. இவற்றைத்தான் சேத்தியாத்தோப்புப் பிள்ளைகள் உண்மையில் எழுதுகிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, ஆசிரியர்கள் டிரஸ்ட் தேர்வு என்பார்கள். மாவட்டத்துக்கு ஐம்பது மாணவர், ஐம்பது மாணவியர். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய், பிளஸ் டூ வரை. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ்.: மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி, தேறினால் மாதம் ஆயிரம் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு. 2023-ல் பதினொன்றாம் வகுப்பு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு வந்தது. ஆயிரம் பேருக்கு, ஆண்டுக்குப் பத்தாயிரம் வீதம் பட்டப்படிப்பு முடியும்வரை. இவை எதுவும் கல்லூரி இடத்தைப் பெற்றுத் தராது. ஆனால் பத்தாவதோடு பெண்ணை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கும் வீட்டில், மாதம் வருகிற அந்த ஆயிரம் பேச்சைத் திருப்பும். சேர்க்கைக்கு மதிப்பு இல்லாத போட்டிதான், ஆனால் சேர்க்கைவரை பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பது இதுதான்.

இவற்றில் மனத்திறன் பகுதியில் வருகிற வகைக் கேள்வி ஒன்று. 2, 6, 12, 20, 30, அடுத்தது என்ன? பெரும்பாலான பிள்ளைகள் இடைவெளியைப் பார்ப்பார்கள்: 4, 6, 8, 10, ஆக அடுத்தது 12 கூட்ட வேண்டும், 42. சரியான விடை, மதிப்பெண் வந்துவிடும். அதே பிள்ளையிடம் "நூறாவது இடத்தில் என்ன எண் வரும்?" என்று கேளுங்கள். கூட்டிக்கொண்டே போனால் பொழுது சாய்ந்துவிடும். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை, 2 என்பது ஒன்று பெருக்கல் இரண்டு, 6 என்பது இரண்டு பெருக்கல் மூன்று, 12 என்பது மூன்று பெருக்கல் நான்கு என்று கண்டுபிடித்துவிட்டால், நூறாவது எண் நூறு பெருக்கல் நூற்றொன்று, 10,100 என்று அடுத்த நொடியில் சொல்லும். திறனாய்வுத் தேர்வு முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறது. ஒலிம்பியாட் இரண்டாவது கேள்வியில் தொடங்குகிறது. இனி நான் சொல்லப்போகும் வாசல்கள் எல்லாம் அந்த இரண்டாவது கேள்விக்குத் திறப்பவை.

அதற்கு முன், மூடிப்போன இரண்டு வழிகளைச் சொல்லிவிடுகிறேன். 1963-ல் தொடங்கிய தேசியத் திறன் தேடல் தேர்வு 2021-க்குப் பிறகு நடக்கவில்லை. அறிவியல் படிக்க உதவித்தொகை தருவதற்காக 1999-ல் தொடங்கிய கே.வி.பி.ஒய். தேர்வை 2022-ல் நிறுத்திவிட்டார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2011-ல் நான்காண்டு பட்டப்படிப்பைத் தொடங்கியபோது கே.வி.பி.ஒய். தரவரிசை அதற்கு நேர்வழியாக இருந்தது. நெய்வேலி நகரியத்தில் அப்பா அம்மா இன்ஜினீயராக இருந்த வீடுகளில் இந்த இரண்டு பெயரும் பழக்கம். இருபது கிலோமீட்டர் தெற்கே சேத்தியாத்தோப்பில் பெயரே தெரியாது. கே.வி.பி.ஒய். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. தமிழ்வழிப் பிள்ளைக்கு அது திறந்ததே இல்லை. ஆகவே அது மூடியதற்கு நம் ஊர் அழ வேண்டியதில்லை. இன்று வேறு வழி திறக்கும்போது பழையபடி தெரியாமலே இருந்துவிடக் கூடாது.

இப்போது வாசல்களுக்கு வருவோம். சென்னையை ஒட்டிச் சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம் இருக்கிறது, சி.எஸ். சேஷாத்ரி உருவாக்கியது. தேசிய கணித ஒலிம்பியாடில் தேறிய பிள்ளைகளை அங்கே பி.எஸ்சி. கணிதம், கணினி அறிவியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லாமலே சேர்த்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். இந்தியப் புள்ளியியல் கழகத்தில் எழுத்துத் தேர்விலிருந்து விலக்கு, நேரே நேர்காணல். இந்த இரண்டும் பழைய வாசல்கள். புதியது, சென்னை ஐ.ஐ.டி. 2025-26 கல்வியாண்டிலிருந்து திறந்த வாசல். 2024-ல் விளையாட்டுக்கு, அடுத்து கலைக்கு என்று தனி இடம் கொடுத்தவர்கள், அறிவியல் ஒலிம்பியாடுக்கும் கொடுத்தார்கள். ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் கூடுதலாக இரண்டு இடம், அதில் ஒன்று பெண்ணுக்கு. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், கணினி ஆகியவற்றின் ஒலிம்பியாட் பயிற்சி முகாம் அளவுக்கு எட்டியவர்கள் இதில் விண்ணப்பிக்கலாம். ஜே.இ.இ. தரவரிசைப் பட்டியலைத் தாண்டி ஐ.ஐ.டி.க்குள் ஒரு வழி வந்திருக்கிறது என்பது சின்னச் செய்தி இல்லை.

இந்த வாசல் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு 2016-ல் நாடே பேசிய ஒரு கதை சாட்சி. மும்பைப் பெண். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு வீட்டிலிருந்தே படித்தவர். கணினிக்கான பன்னாட்டு ஒலிம்பியாடில் இரண்டு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வென்றவர். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வை எழுதவே வழி இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. அவரை அழைத்துக்கொண்டது. அதற்கு முன்பே நம் சிறுசேரிக் கழகம், இவர் அறிவு பி.எஸ்சி. முடித்தவருக்கு நிகர் என்று சொல்லி எம்.எஸ்சி. வகுப்பிலேயே உட்கார வைத்திருந்தது. திருக்கோவிலூர் டெபுடி கலெக்டர் செய்ததை நூறு ஆண்டு கழித்து ஒரு நிறுவனம் விதியாகவே வைத்துச் செய்கிறது என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

வெளிநாட்டு விண்ணப்பங்களில் நிலைமை வேறு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல பயன்படுத்தும் பொது விண்ணப்பத்தில், பெற்ற சிறப்புகளை எழுத ஐந்து கட்டமும், செய்த வேலைகளை எழுதப் பத்துக் கட்டமும் இருக்கின்றன. பன்னாட்டுப் பதக்கம் அங்கே கனமான சொல். ஆனால் அதுவும் உறுதிச் சீட்டு கிடையாது. கட்டுரை, ஆசிரியர் பரிந்துரை, வீட்டுச் சூழல் எல்லாம் சேர்த்துத்தான் எடைபோடுவார்கள். ஒரு வகையில் நம்முடைய பழைய 75 மதிப்பெண் நேர்காணலின் நெருங்கிய உறவு அது. அதன் நன்மையும் உண்டு, அதன் நோயும் உண்டு. பணமும் தொடர்பும் இருக்கிற வீட்டில் சிறு வயதிலிருந்தே அந்தக் கட்டங்களை நிரப்பத் தொடங்கிவிடுகிறார்கள்.

அதனால்தான், எல்லாச் சான்றிதழுக்கும் கலந்தாய்வில் மதிப்பெண் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நாளைக்கு அப்படி அறிவித்தால் மறுநாளே சான்றிதழ் வியாபாரம் தொடங்கும். இப்போதே தொடங்கிவிட்டது. 'ஒலிம்பியாட்' என்ற பெயரில் தனியார் நடத்தும் தேர்வுகள் சிறு நகரத்து மெட்ரிக் பள்ளிகளுக்கெல்லாம் வந்துவிட்டன. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம். வகுப்பில் பத்துப் பேருக்காவது தங்கப் பதக்கம். பெற்றோர் பெருமையோடு மாட்டிப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். பிள்ளைக்கு உற்சாகம் என்றால் இருக்கட்டும். ஆனால் மேலே சொன்ன எந்த வாசலிலும் அந்தப் பதக்கம் செல்லாது. வயல் வேலைக் காசில் அந்தக் கட்டணத்தைக் கட்டும் அப்பாவிடம் இதை மறைப்பது பெரும் அநியாயம். கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு நல்ல பயிற்சி வேண்டுமென்றால் சென்னையில் 1965-லிருந்து இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கத்தின் திறன் போட்டி இருக்கிறது. பி.கே. சீனிவாசன் போன்ற ஆசிரியர்கள், ஓட்டைப் பெட்டியையும் புளியங்கொட்டையையும் வைத்துக் கணக்கு சொல்லிக்கொடுக்கலாம் என்ற நம்பிக்கையோடு வளர்த்த மரபு அது.

செல்லுபடியாகும் ஒலிம்பியாட் எப்படி இருக்கும் என்றால், கணிதத்தில் முதல் படி ஐ.ஓ.க்யூ.எம். என்னும் தகுதித் தேர்வு. மூன்று மணி நேரம், 30 கேள்வி, 100 மதிப்பெண். பத்துக் கேள்விக்கு இரண்டு, பத்துக்கு மூன்று, பத்துக்கு ஐந்து. நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதில்லை. விடை இரண்டு இலக்க எண்ணாக இருக்கும். கண்டுபிடித்து வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். குத்துமதிப்பாக டிக் அடித்து ஜெயிக்க முடியாது. அதில் தேறினால் மண்டல ஒலிம்பியாட், பிறகு தேசிய ஒலிம்பியாட், பிறகு பயிற்சி முகாம், கடைசியில் இந்தியாவுக்கு ஆறு பேர். 1989-லிருந்து இந்தியா பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடுக்குப் போய்வருகிறது. 1996-ல் மும்பையிலேயே நடத்தியது. பெண்களுக்கு ஐரோப்பியப் பெண்கள் ஒலிம்பியாட் என்று தனிப் பாதையும் 2015 முதல் இருக்கிறது.

இந்தப் பாதை நம் பக்கத்தில் எங்கே தொடங்குகிறது என்று தேடினால் தொடக்கமே தட்டுப்படாது. பெருநகரத்தில் ஆறாம் வகுப்பிலேயே இதற்கென்று வகுப்புகள் நடக்கின்றன. டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: மேட்டூரில் எவ்வளவு திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேர்ந்தால்தான் அது தண்ணீர். ஐ.ஐ.டி.யில் படிப்புக்கு இரண்டு இடம் என்று திறந்த மதகின் தண்ணீர் சேத்தியாத்தோப்புக்கு வர வேண்டுமென்றால் நடுவில் வாய்க்கால் வெட்ட வேண்டும். அதை வெட்ட அரசிடம் ஆள் இருக்கிறார்கள். 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றத்தின் கருத்தாளர்கள் அரசு நடுநிலைப் பள்ளிகளுக்கு அறிவியல், கணக்குச் சோதனைப் பொருள்களோடு போய்வருகிறார்கள். மாவட்டந்தோறும் மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன, அங்கே ஜே.இ.இ.க்கும் நீட்டுக்கும் பயிற்சி உண்டு. ஐ.ஓ.க்யூ.எம். என்ற நான்கு எழுத்தையும் அவர்கள் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

எட்டாம் வகுப்பிலிருந்தே அந்தத் தேர்வை எழுதலாம். அண்மை ஆண்டுகளில் செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. பதிவு அதற்கு முந்தைய மாதங்களில் முடிந்துவிடும். ஒலிம்பியாடுகளுக்குப் பொறுப்பான மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் தளத்தில் பழைய வினாத்தாள்கள் விடையோடு இலவசமாகக் கிடைக்கின்றன. தேவை: ஒரு கணக்கு ஆசிரியர், வாரத்தில் ஒரு மாலை, ஒரு வகுப்பறை, வினாக்களைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவர், தேர்வன்று மையத்துக்குப் போய்வரப் பேருந்துக் காசு, பதிவுக் கட்டணத்தை ஏற்க ஊரில் யாராவது. முதல் ஆண்டில் எழுதும் பத்துப் பிள்ளைகளில் ஒருவரும் தேறாமல் போகலாம். இரண்டாம் ஆண்டிலும் போகலாம். பள்ளி மேலாண்மைக் குழு ஜூன் மாதக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகப் போட்டு, ஐந்து ஆண்டுக்குக் கைவிடுவதில்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.